கொதிக்கும் வண்டியும் கோத்தகிரி ரோடும்

கார்த்திகை 3, திங்கள்

நேரு செத்துப்போன வருஷம். நயா பைசா வெறும் பைசா ஆனதும் அந்த வருஷம்தான். அரிசிக்கு ஊரெல்லாம் வரிசை நின்றது. வருஷக் கடைசியில் புயல் வந்து தனுஷ்கோடியை ரயிலோடு சேர்த்து இழுத்துப்போனது. இதற்கெல்லாம் நடுவில், ஆவணி மாதத்தில், கோத்தகிரி ரோட்டில் மலையேறும் கார்ப் போட்டி ஒன்று நடந்தது. அதில் ஓடிய சிவப்பு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன் நான். அப்போது எனக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ. பிறந்த நாளைக் குறித்து வைக்க எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அந்த வண்டி இன்று ஷெட்டிலிருந்து வெளியே வந்தது. இரண்டு பேர் உட்காரும் இங்கிலீஷ் வண்டி. கூரை கிடையாது. ஆற்றோரத்து பங்களாவில் பாக்குத் தோப்புக்குப் பக்கத்து ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மேட்டுப்பாளையத்தில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வண்டி இங்கே இருப்பதே தெரியாது.

அம்மிணிதான் ஆள் விட்டுக் கூப்பிட்டார். அன்றைக்கு அதை மலையேற்றியவர் அம்மிணி. இருபத்தோரு ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். இப்போது எண்பது தாண்டிவிட்டது. பொங்கலுக்கு மகன் முரளி அமெரிக்காவிலிருந்து வருகிறார். பங்களாவை விற்றுவிட்டு அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போகிறார். வண்டிக்கு ஹைதராபாத்தில் ஆள் பார்த்தாகிவிட்டது.

"அதுக்குள்ள ஒரு தடவை நானே ஓட்டிக் கோத்தகிரி போய்ட்டு வந்துடணும் மருதா. அவ்வளவுதான்" என்றார்.

"போயிரலாமுங் அம்மிணி."

"அன்னைக்கு என்ஜின் பாத்த லெஸ்லி தினமும் எழுதுவான்ல, வண்டிக்கு என்ன செஞ்சோம், என்ன ஆச்சுன்னு. நீயும் அதே மாதிரி எழுதி வை."

"எனக்கு எழுத வராதுங்களே."

"அறுபது வருஷம் ஆச்சு, இன்னுமா வரல?"

அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள் தேவகி எழுதுகிறாள். தையல் மெஷினை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வேகமாகச் சொல்கிறேனாம்.


கார்த்திகை 6, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பைரோஸ் பாய் வந்தார். புது பேட்டரி, புது ஆயில், புது பெல்ட். நாலாவது முறை சாவி திருப்பியதும் பிடித்துக்கொண்டது. புகை முழுவதும் பாக்கு மரங்களுக்குள் போய் நின்றது. அந்தச் சத்தம் அப்படியே இருக்கிறது. தொண்டை கட்டின ஆம்பிளை இருமுவது போல ஆரம்பித்து அப்புறம் சீராகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்தோம். என்ஜினில் தண்ணீர் சூடாகிற வரைக்கும் மூடி வைத்து, சூடானதும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற கதவு அது. திறக்கிறதா என்று பார்க்க பாய் அதை அம்மிணி வீட்டு அடுப்பில், கொதிக்கிற தண்ணீரில் போட்டார். திறக்கவே இல்லை.

"பாய், அது நான் பால் காய்ச்சற பாத்திரம்" என்றார் அம்மிணி.

"கழுவித் தந்துர்றேம்மா."

"நாளைக்குக் காப்பியில கிரீஸ் வாசம் வந்தா உங்க ஒர்க்‌ஷாப்புக்குத்தான் காப்பி குடிக்க வருவேன்."

தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அது இல்லாமலேயே மூடினோம். புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், பொங்கல் தாண்டிவிடும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்குப் பெரியவரே" என்றார் பாய். நானும் சரி என்றேன். நான் ஓட்டிய லாரி ஒவ்வொன்றிலும் முதல் வேலையாக அதைத்தான் கழற்றினேன். இந்தப் பக்கத்தில் கழற்றாதவன் யார்?


கார்த்திகை 9, ஞாயிறு

முதல் ஓட்டம். ஓட்டியது அம்மிணி. பக்கத்தில் நான், பின்னால் பாயின் மஞ்சள் வேன்.

கேட்டில் இடது பக்கத் தூண் மட்கார்டில் கொஞ்சம் உரசிவிட்டது. தூணை அகலமாகக் கட்டிவிட்டார்கள்.

ஓடந்துறை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சூடு காட்டுகிற முள் ஏற ஆரம்பித்தது. இரண்டாவது வளைவில் முள் சிவப்பைத் தொட்டது. மூன்றாவதில் மூடிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி. ஓரங்கட்டி நிறுத்தினோம். குரங்குகள் வந்து மதில் மேல் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

ஆறட்டும் என்று காத்திருந்தபோது அம்மிணி கேட்டார்: "மருதா, அந்தக் கல்லுல எத்தனை கிலோமீட்டர்னு போட்டிருக்கு?"

"என்னைப் போய்க் கேக்கறீங்களே அம்மிணி."

"அட ஆமா, உனக்குப் படிக்கத் தெரியாதுல்ல!" இரண்டு பேரும் சிரித்தோம். "எனக்கு இந்த வெயில் கண்ணைக் கூசுது. அதான்."

கல் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காலையிலிருந்து வானம் மூட்டம். மூட்டத்திலும் சிலருக்குக் கண் கூசும்.


கார்த்திகை 11, செவ்வாய்

மழை. வண்டி எடுக்கவில்லை. தேவகிக்கு மூன்று ஜாக்கெட் டெலிவரி.


கார்த்திகை 14, வெள்ளி

ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரைத் திருப்பி அடித்தோம். முதலில் துருத் தண்ணீர் வந்தது. பிறகு மஞ்சளாகக் கட்டி கட்டியாக என்னவோ வந்தது. பாய் விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"இது மஞ்சத்தூளு பெரியவரே!"

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அம்மிணி வெடித்துச் சிரித்தார். பங்களாதேஷ் சண்டை நடந்த வருஷம் ஊட்டியிலிருந்து இறங்கும்போது ரேடியேட்டர் ஒழுகியதாம். பர்லியாறு கடையில் அரைக் கிலோ மஞ்சள்தூள் வாங்கிக் கொட்டி அடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாராம்.

"கூட இருந்தவர் திட்டினார். சாம்பாருக்குப் போடறதை எல்லாம் காருல போடறியேன்னு."

கூட இருந்தவர் என்றால் வீட்டுக்காரர் டாக்டர். நல்ல மனிதர். காலில் கட்டி வந்தபோது எனக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

நானும் லாரியில் மஞ்சள் போட்டிருக்கிறேன், கடுகும் போட்டிருக்கிறேன். ஒழுகலை அடைக்கும், கூடவே உள்ளே இருக்கிற சின்னக் குழாய்களையும் அடைக்கும். ஆக, கொதிப்புக்குக் காரணம் இதுதான் என்று முடிவாயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். வடை வாங்கி வரச் சொன்னார்.


கார்த்திகை 16, ஞாயிறு

மறுபடியும் கொதித்தது. அதே மூன்றாவது வளைவு. அதே குரங்குகள்.


கார்த்திகை 18, செவ்வாய்

தண்ணீர் பம்ப்தான் என்று நான் சொன்னேன். அடித்துச் சொன்னேன். பாய் டைமிங் பார்க்கலாம் என்றார், ஹெட் கேஸ்கட் பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. முப்பத்தைந்து வருஷம் அதே ரோட்டில் உருளைக்கிழங்கு லோடு ஏற்றி இறக்கியவன், எனக்குத் தெரியாதா என்று கேட்டேன். பாய் பம்பாயில் யாரிடமோ பேசி, பழைய ஸ்டாக்கில் ஒரு பம்ப் அனுப்பச் சொன்னார். வர நாளாகும்.

அம்மிணி காலண்டர் தாளைக் கிழித்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"மார்கழி எப்பப் பொறக்குது?"

"அதுக்கு இன்னும் நாள் இருக்குதுங் அம்மிணி."

"முரளி டிக்கெட் போட்டுட்டானாம்."


கார்த்திகை 22, சனி

பம்ப் வரவில்லை. வேலை இல்லாததால் அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மிணியின் அண்ணன் வெங்கடபதிதான் வண்டியை வாங்கினார். ஆனால் மலையில் அவருக்கு வாந்தி வரும். அதனால் ஓட்டம் அம்மிணி, செலவு அண்ணன். லெஸ்லி மலை ரயில் ஷெட்டில் ஃபிட்டர். ஆங்கிலோ இந்தியர். எங்களுக்கெல்லாம் மிஸ்டர் லெஸ்லி, அம்மிணிக்கு மட்டும் லெஸ்லி. ரயில் நீராவியோடு பழகியவர். கொதிக்கிற தண்ணீர் எந்தப் பக்கம் ஓடப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும்.

போட்டியன்று காலையில் வால்வுக்குப் பக்கத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "கேர்ள், டோன்ட் புஷ் ஹெர். லெட் ஹெர் சிங்" என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் அந்தச் சத்தம் அப்படியே காதில் இருக்கிறது. வண்டியை விரட்டாதே, அது பாடட்டும் என்று அர்த்தமாம், தேவகிதான் இன்று சொன்னாள்.

அம்மிணி பச்சைக் கரை போட்ட கதர்ப் புடவையை இறுக்கிக் கட்டியிருந்தார். கொண்டைக்கு மேல் தோல் தொப்பி. "பொம்பளை என்னத்த ஓட்டப்போகுது" என்று தோட்டத்து துரை ஒருத்தர் சொன்னது பக்கத்தில் நின்ற பட்லருக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது. அம்மிணிக்கும் கேட்டிருக்கும். கொடி விழுந்ததும் வண்டி போன வேகத்தில் அந்த துரையின் முகத்தில் மண் அடித்தது. அதை வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை.

மேலே குஞ்சப்பனையில் வாளியோடு நின்றவன் நான். வண்டி அந்த வளைவில் திரும்பியபோது அம்மிணி என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கினார். நிறுத்த வேண்டாம், தண்ணீர் தேவையில்லை என்று அர்த்தம். வாளியோடு அங்கேயே நின்றேன். பிறகு வேறு வண்டிக்காரர் கேட்டார் என்று அந்தத் தண்ணீரைக் கொடுத்தேன்.


கார்த்திகை 25, செவ்வாய்

பம்ப் வந்தது. தப்பான பம்ப். திருப்பி அனுப்பினோம்.

தேவகி கேட்கிறாள்: "மாமா, அந்தம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியுதுங்களா?"

தையல் வேலை செய்கிறவளுக்கு எல்லாரும் ஊசி கோக்கிற மாதிரி பார்க்க வேண்டும். அம்மிணிக்கு நன்றாகத் தெரிகிறது. இதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.


கார்த்திகை 28, வெள்ளி

தீபம். வாசலில் தேவகி விளக்கு வைத்தாள்.

அம்மிணிக்குக் கல்யாணம் ஆனது ரூபாய் மதிப்பைக் குறைத்த வருஷம். கோயமுத்தூரில் பெரிய மண்டபம். எனக்கும் பத்திரிகை வந்தது. ஆனால் அன்றைக்குப் பார்த்து பெல்காமுக்கு லோடு. என் முறை இல்லை, பழனிவேலின் முறை. கேட்டு வாங்கிக்கொண்டேன். பெல்காமில் ஆக்சில் உடைந்துவிட்டது, வர நாளாகும் என்று முதலாளிக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். ஆக்சில் அப்புறம் சரியாகிவிட்டது.

இது வண்டியைப் பற்றிய குறிப்பில் எதற்கு என்று தேவகி கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.


மார்கழி 1, திங்கள்

சரியான பம்ப் வந்தது. மாட்டியாயிற்று. பாய் ராத்திரி தூங்கவில்லையாம், பாவம்.


மார்கழி 4, வியாழன்

இன்று முடிவு தெரிந்துவிட்டது. நான் நினைத்தது போல அல்ல.

புது பம்ப் போட்டு ஏறினோம். கொதித்தது. மூன்றாவது வளைவுகூட வரவில்லை, இரண்டிலேயே ஆவி. பாய் வேனை விட்டு இறங்கி வந்து பானெட்டைத் திறந்தார். பம்ப், பம்ப் என்று நான் பிடித்த பிடிவாதத்தில் ரெண்டு வாரம் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அம்மிணி கதவைத் திறந்து இறங்கினார். வண்டியைத் தடவிக்கொண்டே முன்னால் வந்தவர், பிடிமானத்துக்காக ரேடியேட்டர் மேலேயே கையை வைத்துவிட்டார்.

"அம்மிணி! கைய எடுங்க!" என்று கத்தினேன்.

அவர் எடுக்கவில்லை. "கத்தாதே. சுடவே இல்ல."

"என்னுங்க?"

"நீயும் வந்து வை."

வைத்தேன். கீழ்ப்பாதி வெதுவெதுப்பு, அவ்வளவுதான். குழந்தைக்குக் குளிக்க ஊற்றலாம். பின்னால் என்ஜின் தலை பக்கம் கையைக் கொண்டுபோனால் அனல். பாயும் வைத்துப் பார்த்தார். அப்படியே குந்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி ரேடியேட்டருக்கே வரல பெரியவரே. என்ஜினுக்குள்ளயே சுத்திட்டு இருக்குது."

"எப்படி?"

என்ஜின் தலைக்கும் பம்புக்கும் நடுவில் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு குட்டிக் குழாய் இருக்கிறது. பாய் அதைத் தட்டிக் காட்டினார். என்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணீர் அதன் வழியே திரும்ப வேண்டும். சூடானதும் தெர்மோஸ்டாட் ரேடியேட்டர் வழியைத் திறந்து, இந்தக் குட்டி வழியை மூடும். அதை நாங்கள் தூக்கி எறிந்துவிட்டோம். மூடுவதற்கு ஆள் இல்லை. தண்ணீர் தூரமாகப் போய் ஆறிவிட்டு வருமா, பக்கத்து வழியில் புகுந்து ஓடி வருமா?

"என் லாரியில எல்லாம் கழட்டினேனே பாய். ஒண்ணும் ஆகலையே."

"உங்க லாரியில இந்தக் குழாய் இருந்திருக்காதுங்க. நானும் யோசிக்கல. பழக்கத்துல கை தானாப் போயிருச்சு."

அம்மிணி சொன்னார்: "அன்னைக்கு லெஸ்லியும் போட்டிக்கு முன்னாடி அதைக் கழட்டினானே. அப்ப ஏன் கொதிக்கல?"

அதைக் கேட்டதும் எனக்கு ஷெட் கண்ணில் வந்தது. மிஸ்டர் லெஸ்லி பித்தளையில் ஒரு வளையம் கடைந்து எடுத்து வந்தார். நடுவில் ஒரு எட்டணாக் காசு போகிற அளவு ஓட்டை. வளையத்தின் பக்கச் சுவர் உயரமாக இருக்கும். தெர்மோஸ்டாட் இருந்த இடத்தில் அதை உட்காரவைத்தால் அந்தச் சுவர் குட்டிக் குழாயின் வாயை அடைத்துக்கொள்ளும். போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினார். வளையத்தின் எண்ணெயைத் துடைத்துக் கொடுத்தவன் நான்தான். கண்முன்னால் பார்த்ததை இத்தனை நாளும் நினைக்கவில்லை. பம்ப், பம்ப் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

"அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல மருதா" என்றார் அம்மிணி.

"நீங்க இன்னைக்குத்தானே கேட்டீங்க."


மார்கழி 8, திங்கள்

வளையம் கடைந்து மாட்டியாயிற்று. பாய் தனியாக ஓட்டி ஏழாவது வளைவு வரை போய் வந்தார். முள் நடுவை விட்டு நகரவில்லையாம்.

சந்தோஷம்தான்.

ஒர்க்‌ஷாப்பில் டீ குடிக்கும்போது பாய் மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, அம்மாவுக்குக் கண்ணு..."

"தெரியும் பாய்."

"நடுவுல புள்ளி விழுந்த மாதிரி இருக்குமாம். ஓரத்துல மட்டும் தெரியுமாம். என் மாமியாருக்கும் அதான். மகனுக்குத் தெரியாது போல. இன்னும் கொதிக்குதுன்னு சொல்லிரலாமா? பொங்கல் வந்துரும். அவரு கூட்டிட்டுப் போயிருவாரு."

தேவகியும் காலையில் இதையே சொன்னாள். வளையத்தைக் கழற்றினால் போதும், வண்டி தானாகவே பொய் சொல்லிவிடும்.

நான் அதைச் செய்யமாட்டேன். அம்மிணி வண்டி விஷயத்தில் என்னைக் கேட்டால் நான் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறேன். மற்ற விஷயத்தில் அவர் கேட்டதும் இல்லை.

"உங்க வேனை முன்னால விடுங்க பாய்" என்றேன். "மஞ்சள் பெருசாத் தெரியும். நாலு பக்கமும் விளக்கை மினுக்க விட்டுக்கிட்டு மெதுவாப் போங்க. வளைவை நான் சொல்லிக்கறேன். அந்த ரோடு எனக்கு மனப்பாடம்."

"அம்மா ஒத்துப்பாங்களா?"

"நீங்க வழி காட்டறீங்கன்னு சொல்லாதீங்க. எதிர் வண்டியை ஒதுக்கிவிடறீங்கன்னு சொல்லுங்க. போட்டியில எல்லாம் அப்படித்தான் ஒரு வண்டி முன்னால போகும்னு சொல்லுங்க."

"போகுமா?"

"போகாது."


மார்கழி 13, சனி

பிரேக் பார்த்தோம். டயருக்குக் காற்று. அம்மிணி என்னிடம் தோல் தொப்பியைத் தேடச் சொன்னார். எலி தின்றிருந்தது. கம்பளிக் குல்லா போட்டுக்கொள்வதாகச் சொன்னார்.


மார்கழி 14, ஞாயிறு

பனி முழுக்க விலகட்டும் என்று வெயில் ஏறும் வரை காத்திருந்து கிளம்பினோம். வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பவானிப் பாலத்திலிருந்து மலையின் மேல் விளிம்பு வரை தெரிந்தது.

முன்னால் பாயின் வேன், விளக்கு மினுக்கிக்கொண்டு. பின்னால் நாங்கள்.

"இப்பெல்லாம் போட்டின்னா கல்யாண ஊர்வலம் மாதிரிதான் போவாங்களா?" என்றார் அம்மிணி. ஆனால் வேனை விட்டுப் பிரியாமல் ஓட்டினார்.

நான் சொல்லிக்கொண்டு வந்தேன். "வலது வளைவுங்... பெரிசு... இப்ப நேருங்... எடது, உள்ள குறுகும்... பஸ் வருதுங், ஓரமா நில்லுங்..." அவர் கை தயங்கவே இல்லை. கண் எப்படியோ, கையும் காலும் அன்றைக்கு இருந்த மாதிரியே. கிளட்ச் விடும்போது ஒரு சின்ன உதறல் கூட இல்லை. மூன்றாவது வளைவு வந்தது. குரங்குகள் இருந்தன. நாங்கள் நிற்காமல் போனோம்.

"முள்ளு எங்க இருக்கு?"

"நடுவுலீங்."

"பாத்துச் சொல்லு. என்னைச் சந்தோஷப்படுத்தாதே."

"நடுவுலயேதானுங் அம்மிணி. குத்தி வெச்ச மாதிரி நிக்குது."

அவர் பாட ஆரம்பித்தார். பாட்டு இல்லை, என்ஜின் சத்தத்தோடு சேர்ந்து ம்ம்ம் என்று. இரண்டு பேரும் கிழங்கள், வயதை மறந்து காற்றில் போனோம். அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

குஞ்சப்பனைக்குக் கொஞ்சம் முன்னால், பலாமரங்கள் அடர்த்தியாக இருக்கிற இடத்தில், நிழலும் வெயிலும் ரோட்டில் மாறி மாறி விழுந்தன. அம்மிணி வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார்.

"மருதா, பனி இறங்கிருச்சா?"

நான் முன்னால் பார்த்தேன். வேன் பத்தடியில் போய்க்கொண்டிருந்தது, நாலு விளக்கும் எரிந்துகொண்டு.

"ஆமாங் அம்மிணி. பனிதானுங்."

"திடீர்னு இறங்குதே."

"இந்த இடத்துல அப்படித்தானுங் இறங்கும்."

அவர் வண்டியை ஓரத்தில், மதிலுக்கு ஒரு சாண் விட்டு, அழகாக நிறுத்தினார். கை பிரேக் போட்டார். என்ஜினை அணைக்கவில்லை. பாய் முன்னால் நிறுத்திவிட்டு இறங்கப் போனார். வேண்டாம் என்று கை காட்டினேன்.

"பனியில ஓட்டிப் பழகினவன் நீதானே" என்றார் அம்மிணி. "நீ ஏறு."

"நானுங்களா?"

"வேற யாரு இருக்கா? குரங்கா ஓட்டும்?"

அறுபது வருஷமாக அந்த வண்டியைக் கழுவியிருக்கிறேன், தள்ளியிருக்கிறேன், அடியில் படுத்திருக்கிறேன். அந்த சீட்டில் உட்கார்ந்ததில்லை. அம்மிணி வண்டியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். சீட்டு அவர் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. லாரிக்காரன் கால் எனக்கு, பெடல் எல்லாம் விளையாட்டுச் சாமான் மாதிரி சின்னதாக இருந்தன. முதல் கியரில் வண்டி தவளை போல் குதித்தது.

"ஏப்பா, இது கிழங்கு மூட்டை இல்ல. மெதுவா."

கியர் குச்சியில் என் கை இருந்தது. அதன் மேல் அம்மிணி கை வைத்தார், கியர் சரியாக விழுகிறதா என்று பார்க்க. "இப்ப மூணு... விடு... ரெண்டு போடு, சத்தத்தைக் கேளு, அவ கேக்கறா பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கோத்தகிரி வரும் வரை கையை எடுக்கவில்லை. கியர் சரியாகத்தான் விழுந்தது.

கோத்தகிரியில் டீ குடித்தோம். வர்க்கி வாங்கினோம். பாய் மூடியைத் திறந்து காட்டினார், ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. அம்மிணி வெயில் பக்கமாக முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்.

"நல்ல பனி இன்னைக்கு" என்றார்.

"ஆமாங்."

தேவகி எழுதுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். பனி என்றே எழுது என்றேன்.


மார்கழி 15, திங்கள்

வண்டியைக் கழுவினேன்.


மார்கழி 24, புதன்

முரளி தம்பி வந்துவிட்டார். அம்மிணியே அவரிடம் சொல்லிவிட்டாராம், கண்ணைப் பற்றி. நான் போனபோது தம்பி ஷெட்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். "மலைக்குப் போனீங்களாமே அங்கிள். ஏதாவது ஆகியிருந்தா?" என்றார்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுங் தம்பி. வளையம் போட்டிருக்குது" என்றேன்.

அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.


தை 5, சனி

நேற்று அம்மிணி கிளம்பினார். காரில் ஏறும்போது, "மருதா, குறிப்பை ஒழுங்கா முடிச்சு வை. பாதியில விட்டா லெஸ்லிக்குப் பிடிக்காது" என்றார். சரிங் அம்மிணி என்றேன். கேட் தூணை அவர் கார் உரசாமல் தாண்டியது. ஓட்டியது டாக்ஸிக்காரன்.

இன்று ஹைதராபாத்திலிருந்து ஆள் வந்து சிவப்பு வண்டியை லாரியில் ஏற்றினார்கள். ஏற்றுவதற்கு முன் வளையத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். புதுத் தெர்மோஸ்டாட் வந்து மாட்டுகிற வரைக்கும் அதைக் கழற்றக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். வாங்குகிறவர் நல்ல மாதிரி. தமிழ் கொஞ்சம் பேசுகிறார். வண்டியைக் காட்சிக்கு வைக்கும் இடத்தில் அந்த மலையேற்றத்தைப் பற்றி ஒரு பலகை வைப்பாராம். அன்றைக்கு இந்த வண்டியோடு இருந்தவர்கள் யார், இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை. தேவகியிடம் சொல்லி எழுதவைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

எழுது. வண்டியை வாங்கியவர் வெங்கடபதி. இந்திரா அம்மாவைச் சுட்ட வருஷம் மாரடைப்பில் போனார். என்ஜினைப் பார்த்தவர் மிஸ்டர் லெஸ்லி. மகளோடு ஆஸ்திரேலியா போனார், சுனாமி வந்த வருஷம் அங்கேயே அடக்கம். கடைசியாக அனுப்பிய போட்டோவில் குளிருக்குக் கம்பளி போர்த்தியிருந்தார். கீழே கொடி காட்டிய சிவராமன் சார், எமர்ஜென்சி முடிந்த வருஷம். மேலே கடிகாரம் பிடித்த துரை, சீமைக்குத் திரும்பிய பிறகு சேதி இல்லை, இருந்தால் நூற்றுப் பத்து வயது ஆகும், அதனால் இல்லை என்றே போடு. டயர் மாற்றிய காதர், ஐந்நூறு ரூபாய் நோட்டு செல்லாமல் போன வருஷம். அன்றைக்கு பேங்க் வரிசையில் நின்றுவிட்டு நான் அடக்கத்துக்குப் போகப் பிந்திவிட்டது.

"நீங்க இருக்கீங்களே மாமா" என்கிறாள்.

நான் தண்ணீர் ஊற்றினவன். வாளி, ஜாக்கி, நான் எல்லாம் ஒரே கணக்கு. என்னைச் சேர்க்காதே.

"அப்ப மிச்சம் அந்தம்மா ஒருத்தங்கதான். பலகையில அம்மிணின்னா எழுதுவாங்க? பேரைச் சொல்லுங்க மாமா."

ரங்கநாயகி.